சாய்ந்த தோப்பும் பட்டா இல்லாத கைகளும்: கஜா புயலுக்குப் பின் ஒரு கடைமடைக் கிராமத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மேற்கே நகர்ந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் வழியே சென்றது. முன்னெச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததால் கரையோர மக்களில் பலர் முகாம்களுக்குப் போய்விட்டனர். மரங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த ஆய்வு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடைப்பட்ட, மக்கள் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், உள்ள ஒரு சிற்றூரைப் பற்றியது. ஊரின் பெயரும் மனிதர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. அங்கு பணியாற்றிய சிறு தன்னார்வக் குழு ஒன்றின் கூட்டக் குறிப்புகளையும், அக்குழுவோடு இருந்து நான் நேரில் கண்டவற்றையும் கொண்டு இது எழுதப்படுகிறது.

ஊரில் ஏறத்தாழ 200 குடும்பங்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நெல்தான் விளைந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவது நிச்சயமில்லாமல் போனதும், அறுவடைக் கூலி கட்டுப்படியாகாமல் போனதும் நிலம் வைத்திருந்தவர்களை ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் தென்னைக்கும் தள்ளின. 2012 முதல் 2019 வரை எந்த ஆண்டும் இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை குறித்த நாளான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது விளங்கும். தென்னை மாதச் சம்பளம் போலப் பணம் தந்தது. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, வாசலுக்கே வந்து எடுத்துச் செல்லும் வியாபாரி.

அந்தத் தோப்புகளைச் சுற்றியே நிலமில்லாதவர்களின் பிழைப்பும் அமைந்திருந்தது. மரம் ஏறுபவர்கள், தேங்காய் உரிப்பவர்கள், மட்டை முடையும் பெண்கள், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுபவர்கள், நார் ஆலைக்குப் போகிறவர்கள் என்று ஊரில் பாதிக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத மரங்களை நம்பி வாழ்ந்தன. எந்த அரசுப் பதிவேட்டிலும் இவர்களுக்கும் அந்த மரங்களுக்கும் உள்ள தொடர்பு எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னர் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு விடுபடலிலிருந்து கிளைத்தது.

முதல் வாரங்களில் கண்டவை

குழு ஊருக்குள் நுழைந்தபோது பாதை அடைபட்டிருந்தது. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன; காவிரி டெல்டா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்திருந்த நிலையில், மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மின்சாரம் இல்லாததால் ஆழ்குழாய்க் கிணறுகள் ஓடவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஊரில் குடிநீருக்கு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டியிருந்தது.

தோப்புகளில் மூன்று வகைச் சேதம் தெரிந்தது. மழையில் ஊறிய மண்ணில் வேரோடு பெயர்ந்து விழுந்த மரங்கள் முதல் வகை. நடுவில் முறிந்தவை இரண்டாவது. மூன்றாவது வகையை அந்த நாட்களில் யாரும் சேதம் என்றே எண்ணவில்லை: மரம் நின்றது, ஆனால் கொண்டை ஒரு பக்கமாகத் திருகி, குருத்து நெரிந்து, மட்டைகள் வால்போல ஒரே திசையில் தொங்கின. தென்னையில் பாளை உருவாகத் தொடங்குவதிலிருந்து அதன் தேங்காய் முற்றும் வரை மூன்றரை ஆண்டுக்கும் மேலாகிறது. ஆகவே குருத்தில் பட்ட அடி அடுத்த வெட்டில் மட்டும் தெரிந்து மறைவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. நின்ற மரங்களைப் பார்த்து ஆறுதல் கொண்டவர்களிடம் இதை அப்போது சொல்லத் துணிவு தேவைப்பட்டது. குழுவில் இருந்த வேளாண் பட்டதாரி ஒருவர் மட்டும் சொன்னார், அவரை யாரும் விரும்பவில்லை.

வெளியூர்களிலிருந்து நிவாரணப் பொருட்கள் வண்டி வண்டியாக வந்தன. பெரும்பாலும் அரிசி, பாய், போர்வை, மெழுகுவத்தி, தார்ப்பாய். முதன்மைச் சாலையை ஒட்டிய தெருக்களுக்கு இருமுறை, மும்முறை கிடைத்தது. குளத்துக்கு அப்பால் இருந்த காலனிக்கு முதல் வாரத்தில் எதுவும் போய்ச் சேரவில்லை. குழு செய்த முதல் வேலை தெருவாரியாகக் குடும்பப் பட்டியல் எழுதி, வரும் வண்டிகளைக் காலனியிலிருந்து தொடங்கச் சொன்னதுதான். இதற்குச் சாலையோரத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் பட்டியலைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியபின் அது அடங்கியது.

முதல் முடிவு: தார்ப்பாய்க்குப் பதிலாகக் கீற்று

கூரை போன வீடுகளில் பெரும்பாலானவை கீற்று வேய்ந்தவை. நன்கொடையாளர் ஒருவர் எல்லா வீடுகளுக்கும் தார்ப்பாய் வாங்கப் பணம் தர முன்வந்தார். அதே வேளையில் ஊரைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் பச்சை மட்டைகளோடு தரையில் கிடந்தன. பச்சை மட்டையை நடுவே பிளந்து, குளத்தில் சில நாள் ஊறப்போட்டு எடுத்து முடைந்தால்தான் கீற்று; வெயில் ஏறி மட்டை காய்ந்து சருகானபின் அது விறகுக்கு மட்டுமே ஆகும். அதாவது இரண்டு அல்லது மூன்று வாரங்கள்தான் அவகாசம்.

இதைக் குழுவுக்கு எடுத்துச் சொன்னவர் மட்டை முடையும் மூதாட்டி ஒருவர். பட்டியல் எழுதப்போன இளைஞரிடம் அவர் கேட்டது கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது: "மரத்துக்காரவங்க பேரு கணக்குல இருக்கு. முப்பது வருஷமா அந்த மரத்து மட்டைய முடைஞ்ச எங்க பேரு எந்தக் கணக்குல இருக்கு தம்பி? காசு குடுக்க வேணாம். கெடக்கிற மட்டைய எடுத்துக்கச் சொல்லு, நாங்க முடைஞ்சு தர்றோம்."

குழு நன்கொடையின் ஒரு பகுதிக்கு மட்டும் தார்ப்பாய் வாங்கிக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் முதியோர் மட்டுமே இருந்த வீடுகளுக்கும் உடனே கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தைக் கீற்று வாங்க ஒதுக்கியது. தோப்புக்காரர்களிடம் பேசி மட்டைகளை இலவசமாக எடுத்துக்கொள்ள இசைவு பெறப்பட்டது. மட்டை கழிந்தால் மரத்தை அறுப்பது எளிது என்பதால் அவர்களுக்கும் அது இலாபமே. முடைந்த கீற்றைப் புயலுக்கு முன்பிருந்த விலைக்குக் குழு வாங்கி, கூரையற்ற வீடுகளுக்கு வழங்கியது. குளக்கரை முழுவதும் மட்டை ஊறியது. பெரும்பாலான வீடுகளுக்குப் பொங்கலுக்கு முன்பே கூரை ஏறிவிட்டது. மூன்று வாரக் கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றி வந்தது.

இந்த முடிவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கீற்றுக் கூரை அடுத்த புயலைத் தாங்காது. இரண்டு ஆண்டில் மாற்றவும் வேண்டும். நிரந்தர வீட்டுக்கான அரசுத் திட்டங்கள் வந்து சேரும் வரை மழையைத் தடுப்பதே நோக்கமாக இருந்தது. மேலும், மரங்களே இல்லாமல் போனபின் அடுத்த முறை வேயக் கீற்று எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

கணக்கெடுப்பும் பட்டாவும்

தமிழக அரசு விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய் வரும். மறுசாகுபடிக்கு ஹெக்டேருக்கு 72,100 ரூபாய் தனியாக அறிவிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் காய்க்கும் மரத்துக்கு இது ஈடாகுமா என்ற விவாதம் அன்றே நடந்தது. அதற்குள் இங்கு போகவில்லை. ஊரில் எழுந்த சிக்கல் தொகையின் அளவைவிட, அது யார் கணக்கில் ஏறும் என்பதைப் பற்றியது.

மரங்களை எண்ண வந்தவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டனர். பல பட்டாக்கள் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தன. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து ஆளுக்கொரு மூலையில் தென்னை வைத்திருந்தார்கள். பதிவேட்டில் அது ஒரே கூட்டுப் பட்டா. கோயில் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களிடம் ரசீது இருந்தது, பட்டா இல்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலில் இன்னும் நெல் என்றே எழுதப்பட்ட நிலங்களில் தென்னை சாய்ந்து கிடந்தது.

நிவாரணப் பொருள் விநியோகத்தை இந்தக் கட்டத்தில் முற்றிலும் ஊர் இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, குழு தன் ஆட்களைக் காகித வேலைக்குத் திருப்பியது. வெளியிலிருந்து வந்த சிலருக்கு இது வீண்வேலையாகப் பட்டது. பசித்தவருக்குச் சோறு கொடுப்பதை விட்டு நகலெடுக்கும் கடையில் நிற்பதா என்று கேட்டார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மூன்று மாத அரிசியைவிட ஒரு வாரிசுச் சான்றிதழ் அதிகப் பணத்தைக் கொண்டுவரும் நிலையில் அந்த முடிவு சரியானதே என்பது என் கணிப்பு. சாய்ந்த மரங்கள் அகற்றப்படும் முன் ஒவ்வொரு தோப்பையும், பின்னணியில் வரப்போ வீடோ தெரியும்படி, உரிமையாளரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கூட்டுப் பட்டாவில் இருந்தவர்கள் ஒருவர் கணக்கில் பணம் வாங்கிப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவற்றில் இரண்டு ஒப்பந்தங்கள் பின்னர் வழக்கு வரை போயின, மற்றவை நின்றன.

கோயில் நிலக் குத்தகைதாரர்களில் சிலருக்குப் பணம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இடையே என்ன வேறுபாடு என்று கேட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை. நிலமில்லாத தொழிலாளர்களுக்கு மரத்தின் பெயரில் எதுவும் இல்லை. திருகிய மரங்கள் "நிற்பவை" என்ற பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதி அடுத்த கோடைக்குள் காய்ந்தபோது எண்ணும் வேலை முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அகற்றுவதா, நடுவதா

2019 தொடக்கத்தில் பல திசைகளிலிருந்தும் இலவசத் தென்னங்கன்றுகள் வரத் தொடங்கின. கன்று கொடுப்பது நன்கொடையாளருக்கு மனநிறைவு தரும் செயல். படமும் நன்றாக வரும். குழுவின் பெரும்பான்மைக் கருத்தும் உடனே நட வேண்டும் என்பதாகவே இருந்தது. ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் ஓர் ஆண்டு வருமான இழப்பு என்ற வாதத்தில் நியாயமும் இருந்தது.

எதிர்த்தவர் எழுபது வயதை நெருங்கிய விவசாயி ஒருவர். அவர் குழுவைத் தன் தோப்புக்கு அழைத்துச் சென்று, இரண்டு மாதமாகக் கிடந்த ஒரு மரத்தின் வெட்டுப்பகுதியை மண்வெட்டியால் பிளந்து காட்டினார். ஈரமாகிக் கறுத்த நாருக்குள் கட்டைவிரல் பருமனில், வளைந்த வெள்ளைப் புழுக்கள் இருந்தன. காண்டாமிருக வண்டின் புழு. "மரம் கெடக்கிற எடத்துலயே கன்னு வைக்கச் சொல்றியேப்பா, அது வண்டுக்குப் பந்தி வச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

அவர் சொன்னது அறிவியலுக்கு ஒத்ததே. இந்த வண்டு மட்கும் மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழு அங்கேயே மாதக்கணக்கில் வளரும். முதிர்ந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும், இளங்கன்று சாகும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். இதற்குமேல், 1952 புயலுக்குப் பின் இதே தஞ்சைப் பகுதியில் பரவிய தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சை, பழைய தூர்களிலும் வேர்களிலும் தங்கி மண்வழியாகப் பரவுவது. ஆகத் தூரை அப்படியே விட்டு அதன் அருகே குழி எடுப்பது இரண்டு வகையில் ஆபத்து. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்ததால், விவசாயிகள் சிலர் அங்கே சென்று இதை உறுதிசெய்துகொண்டு வந்தனர்.

இதன்பின் குழு கன்று வழங்குவதை நிறுத்திவைத்து, அகற்றும் வேலைக்குப் பணத்தைத் திருப்பியது. அரசு தந்த 500 ரூபாய், பொக்லைன் வைத்துத் தூரோடு பெயர்த்தெடுக்கப் போதவில்லை. செங்கல் சூளைக்கு மரம் எடுத்தவர்கள் தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுச் சென்றனர். குழு மரம் அறுக்கும் இயந்திரங்கள் சிலவற்றை வாங்கி, மரம் ஏறும் தொழிலை இழந்த ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அகற்றும் கூலியில் ஒரு பங்கை உரிமையாளரும் மறுபங்கைக் குழுவும் ஏற்பதாக ஏற்பாடு செய்தது. அகற்ற முடியாத தண்டுகள் நீளவாக்கில் பிளந்து வெயிலில் உலர்த்தப்பட்டன. உலர்ந்த மரத்தில் புழு வளராது. எருக்குழிகளில் வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை கலக்கப்பட்டது. வாசனையால் வண்டுகளை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் வைக்கப்பட்டன. அவற்றைக் கவனித்துக் காலி செய்ய ஆளில்லாத தோப்புகளில் பொறிகள் வண்டுகளை ஈர்த்ததோடு நின்றன.

எல்லோரும் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயிகள் இலவசக் கன்றுகளை வேறு இடங்களில் வாங்கி 2019-லேயே நட்டுவிட்டனர். அவர்களைத் தடுக்கும் உரிமை குழுவுக்கு இல்லை. கடன் வாங்கியவருக்குப் பொறுமை எளிதும் அல்ல.

நாற்றங்காலும் ஊடுபயிரும்

விதைத் தேங்காய் முளைத்து நடவுக்கு ஏற்ற கன்றாக ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகும். அகற்றும் பணிக்கும் அதே அளவு காலம் தேவைப்பட்டது. இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது ஊரிலேயே நாற்றங்கால் போடும் யோசனை பிறந்தது. மட்டை கிடைக்காமல் வேலையற்றுப்போன பெண்களின் சுயஉதவிக் குழு ஒன்று, குத்தகைக்கு எடுத்த சிறு நிலத்தில் அதை நடத்தியது. புயலில் நின்ற மரங்களிலிருந்து விதைக்காய் எடுக்க வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். நின்றதெல்லாம் வலுவான மரம் என்று கொள்ள முடியாது. சில மரங்கள் வீட்டு மறைவில் நின்றதால் தப்பியவை. ஆகவே காய்ப்பின் பழைய வரலாறு உரிமையாளருக்கு நினைவிருந்த கிழக்குக் கடற்கரை நெட்டை என்ற உயரமான தென்னை வகை மரங்களையே தாய்மரமாகக் கொண்டார்கள். 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் முதலில் கண்டறியப்பட்ட, ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ வெளியூர்க் கன்றோடு வந்துவிடும் என்ற அச்சமும் உள்ளூர் நாற்றங்காலுக்கு ஒரு காரணமாயிற்று.

தோப்பு வெட்டவெளியானதில் ஒரே நன்மை வெளிச்சம். உளுந்து, எள், நிலக்கடலை, காய்கறி எல்லாம் விளைந்தன. தென்னைக்குப் பழகி ஓய்ந்த கைகள் மீண்டும் களை எடுக்கக் குனிந்தன; கூலி வேலை ஓரளவு திரும்பியது. இருந்தும் இளைஞர்களில் கணிசமானோர் 2019 கோடைக்குள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டனர்.

நடவும் அதன்பின் நடந்தவையும்

2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தபோது திருப்பூர் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். மூன்றடிக் குழிகளை இருபத்தைந்தடி இடைவெளியில் எடுக்கும், ஆள் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த வேலை அந்த மாதங்களில் முடிந்தது. அவ்வாண்டு மேட்டூர் அணையும் ஜூன் 12-இல் திறந்தது. கன்றுகள் நல்ல ஈரத்தில் நடப்பட்டன. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயலின் கனமழையில் தாழ்ந்த வயல்களின் குழிகளில் தண்ணீர் நின்று ஒரு பகுதிக் கன்றுகள் அழுகின. வடிகால் வாய்க்காலை நடவுக்கு முன்பே வெட்டியிருந்தவர்கள் தப்பினர்.

2022 இறுதியில் ஊரைச் சுற்றி வந்தபோது வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. தூர் அகற்றாத நிலத்தில் 2019-இல் நட்ட கன்றுகளில் பாதிக்கும் மேற்பட்டவை போய்விட்டன. எஞ்சியவற்றின் ஓலைகளில் வண்டு கடித்த முக்கோண வெட்டுகள் வரிசையாக இருந்தன. அவர்களில் பலர் இரண்டாம் முறை நட்டிருந்தார்கள். அகற்றியபின் நட்ட தோப்புகளில் வண்டு இல்லாமல் இல்லை, ஆனால் கன்று நின்றது. புயலில் சாய்ந்தும் வேர் அறாத இளமரங்களைச் சிலர் அந்த முதல் வாரத்திலேயே கயிறு கட்டி நிமிர்த்தி மண் அணைத்திருந்தார்கள். அவற்றில் பல அப்போதே பாளை விட்டிருந்தன. முழு நிகழ்விலும் மிகக் குறைந்த செலவில் மிக விரைவில் பலன் தந்த வேலை அதுதான்.

நாற்றங்கால் நடத்திய பெண்கள் ஊர்த் தேவை தீர்ந்தபின் அக்கம்பக்கத்துக்கும் கன்று விற்றார்கள். பிறகு கேட்பார் குறைந்து நின்றுவிட்டது. கீற்று முடைதல் திரும்பவில்லை. மரம் அறுக்கப் பழகியவர்கள் சிலர் அதையே தொழிலாகக் கொண்டனர்.

மாற்ற வேண்டியவை

குழு நடத்திய மீளாய்வில் நான்கு செய்திகள் மேலெழுந்தன. அவற்றுள் முதலிரண்டே முக்கியம் என்பது என் கருத்து. கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். திருகிய மரங்களை ஓர் ஆண்டு கழித்து மீண்டும் எண்ண வழி இருந்திருந்தால் பல குடும்பங்களின் கடன் குறைந்திருக்கும். மரத்தைச் சார்ந்து தொழில் செய்பவர்களின் பட்டியல், ஏறுபவர், உரிப்பவர், முடைபவர் என்று பிரித்து, கிராமசபைத் தீர்மானமாகப் புயலுக்கு முன்பே பதிவாக வேண்டும். பேரிடருக்குப் பின் இத்தகைய பட்டியலை எழுதினால் அதை யாரும் நம்புவதில்லை. ஊரில் அப்படித்தான் நடந்தது, புயலுக்குப் பின் எழுதப்பட்ட பட்டியல் மனுவோடு இணைக்கப்பட்டுக் கோப்பிலேயே தங்கியது.

மற்ற இரண்டும் நடைமுறை சார்ந்தவை. இளமரங்களை நிமிர்த்தும் வேலைக்கு முதல் வாரத்திலேயே ஆட்களை ஒதுக்க வேண்டும்; அந்த வாரத்தில் எல்லோர் கவனமும் நிவாரண வண்டிகளில் இருந்தது. வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் அமைதியான ஆண்டுகளில் முடிக்கப்பட வேண்டியவை. 2021 முதல் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு நாள் இதற்கென்று இருவர் உட்காருகிறார்கள். கூட்டுப் பட்டாக்களில் ஏறத்தாழ பாதி பிரிந்துவிட்டன, கோயில் நிலக் குத்தகைப் பதிவுகள் இன்னும் பழைய நிலையிலேயே உள்ளன.